இரண்டு சர்க்கரைக் கட்டி

ரூசே நகரில் எங்களுக்குள் ஒரு சட்டம்:
புதன்கிழமை எட்டு மணிக்கு மேல்
யாரும் யாரையும் போனில் கூப்பிடக் கூடாது.
சட்டைத் தொழிற்சாலை இஸ்திரிப் பிரிவில்
பதினோரு பெண்கள் நாங்கள்.
பதினோரு வீட்டிலும் அந்நேரம்
ஒரே துருக்கிக் குடும்பம்
பல்கேரிய மொழியில் அழுதுகொண்டிருக்கும்.

ஏழு வருஷம்.

அதற்குள் டான்யூப் ஒரு தடவை படித்துறை ஏறி
மீன்கடைப் பலகையை அடித்துப் போனது.
என் மகன் செருப்பு அளவு
முப்பத்தாறிலிருந்து நாற்பத்து நான்கு.
தொடரில் உமுத் மட்டும் எட்டு வயதிலேயே நின்றான்.
பிறகு ஒரு கோடை விடுமுறை கழித்து
வேறு முகத்தோடு மாடிப்படி இறங்கி வந்தான்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
பெற்றவள்கூட.
நாங்களும்தான்.
ஆசை வைத்த இடத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

ஓர்ஹுன் கடலில் விழுந்து செத்தான்.
த்சோன்கா கறுப்புத் துணி தலையில் கட்டி
வேலைக்கு வந்தாள்.
எட்டாவது வாரம் ஒரு மீனவன் வீட்டில்
பெயர் மறந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.
பிணத்தைக் காட்டவில்லையே, அப்போதே நினைத்தேன் என்று
ஆளாளுக்குப் பெருமை பேசினோம்.

இரண்டாம் முறை பிணத்தைக் காட்டினார்கள்.
குழியில் மண் விழும் சத்தமும் கேட்டது.
அப்படியும் வந்தான்; இரட்டைப் பிறவியாம்.
"என் புருஷனுக்கும் ஒரு இரட்டை இருந்தால்
நான் ரெண்டு தடவை விவாகரத்து வாங்கணும்"
என்றாள் த்சோன்கா, காலரை அழுத்தியபடி.
ஆவிக்குள் நின்று எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பில் விட்டுப்போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
சிரித்துக்கொண்டே இன்னும் ஒன்றரை வருஷம் பார்த்தேன்.

நான் விட்ட இடம் வேறு.

முதல் வருஷம், பதினாறாம் பாகம்.
பெர்ரின் தேநீரில் சர்க்கரை போடுவதில்லை.
தம்பி சிறையில் இருக்கிறான்,
அவன் வெளியே வரும் நாளில்
முதல் கட்டியைப் போட்டுக்கொள்வேன் என்றாள்.
ஒரே ஒரு முறை சொன்னாள்.
மனிதர் யாரிடமும் இல்லை, ஜன்னலிடம்.

கிரீஸுக்கு லாரி ஓட்டிப் போன பிளாமென்
லாரியை மட்டும் திருப்பி அனுப்பிய குளிர்காலம் அது.
நானும் சர்க்கரையை விட்டேன்.
கேட்டவர்களிடம் டாக்டர் சொன்னார் என்றேன்.

இருநூற்று அறுபத்திரண்டாம் பாகம்.
வரவேற்பறையில் எல்லோரும் கத்துகிறார்கள்.
சொத்து, துப்பாக்கி, யார் யாருக்குத் தகப்பன்.
ஓரத்தில் பெர்ரின். வசனம் இல்லை,
கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே.
இரண்டு கட்டி எடுத்துப் போட்டாள்.
கலக்கினாள்.
குடித்தாள்.

தம்பி இன்னும் உள்ளேதான்.
அப்படி ஒரு தம்பி இருப்பதே
எழுதுகிறவர்களுக்கு மறந்திருக்கும்.

செத்தவன் எழுந்து வந்ததை
இரண்டு தடவை மன்னித்தவள் நான்.
சின்னக் கண்ணாடிக் குவளையில்
கரண்டி மோதிய அந்தக் கிணிகிணியை
மன்னிக்க முடியவில்லை.
பெர்ரினை நான் ஒருத்திதான்
ஞாபகம் வைத்திருந்தேன் போல.
பெர்ரினுக்கே அவள் ஞாபகமில்லை.

சண்டை எதுவுமில்லை. பெட்டியை அணைக்கக்கூட இல்லை.
ஓடட்டும் என்று விட்டுவிட்டு
பால்கனியில் காய்ந்த துணி எடுக்கப் போனேன்.
எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள்
ஒன்றாக நீலமாகி ஒன்றாக வெளுத்தன.
நடுநடுவே சில இருட்டு.
போன வருஷம் இத்தனை இருட்டு இருந்ததா?
அந்த வீடுகளில் யார், எந்தக் கரண்டிச் சத்தத்தைக் கேட்டார்களோ.

அடுத்த புதன் எட்டு இருபதுக்குத்
தொலைபேசி அடித்தது.
த்சோன்கா.
விசேஷம் ஒன்றுமில்லை என்றாள்.
இங்கேயும் இல்லை என்றேன்.
இரண்டு பக்கமும் பின்னால் எந்தக் குரலும் கேட்கவில்லை.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.
மிளகாய் ஊறப்போட வினிகர் எவ்வளவு என்று
அவள்தான் ஆரம்பித்தாள்.
வைக்கும்போது மணி பத்தே முக்கால்.